மிளகுக் கொடி ஏறும் முள்மயிர் எலி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் நன்றாக இருட்டிய பிறகு, பெரிய மரமொன்றின் தண்டில் மூன்று நான்கு ஆள் உயரத்தில் உள்ள பொந்திலிருந்து முதலில் மீசைமயிர்கள் மட்டும் வெளியே நீள்கின்றன. சற்று நேரம் அவை காற்றைத் துழாவுகின்றன. பிறகு புடைத்த கரிய கண்களும் மயிரில்லாத மெல்லிய காதுகளும் கொண்ட சிறிய தலையொன்று தெரிகிறது; அதைத் தொடர்ந்து செம்பழுப்பு நிற உடலும், கடைசியாக, வண்ணம் தீட்டும் தூரிகையைப் போல நுனி விரிந்து வெளுத்த வாலும் வருகின்றன. வெளியே வந்த அந்த உயிர் தரையை நோக்கி இறங்குவதில்லை. தண்டைச் சுற்றிப் படர்ந்திருக்கும் கொடியைப் பற்றி மேலே ஏறி, கிளைகளுக்குள் மறைந்துவிடுகிறது.

இந்தச் சிறிய எலிக்கு விலங்கியலார் இட்ட பெயர் பிளாட்டகாந்தோமிஸ் லேசியூரஸ். வாயில் நுழையாத பெயராகத் தோன்றினாலும் அதைப் பிரித்துப் பார்த்தால் பொருள் எளிதாகப் புரியும். கிரேக்கச் சொற்களைக் கோத்துச் செய்த இந்தப் பெயரின் முற்பாதிக்குத் தட்டையான முள் கொண்ட எலி என்றும், பிற்பாதிக்கு மயிரடர்ந்த வால் கொண்டது என்றும் பொருள். அந்த உயிரின் உடம்பில் நம் கண்ணுக்கு முதலில் படும் இரண்டு செய்திகளையும் பெயரே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதை மலபார் ஸ்பைனி டார்மவுஸ் என்கிறார்கள். தமிழில் இதை முள்ளெலி என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் தென்மாவட்டங்களின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்ந்து, ஆபத்து வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் வேறோர் உயிருக்கு நம் மக்கள் அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். பூச்சிகளைத் தின்னும் அந்த உயிர், பெயரில் எலி இருந்தாலும், எலிகளின் வரிசையைச் சேர்ந்ததே இல்லை. ஆகவே குழப்பம் வராமலிருக்க, நம் மலை உயிரை இக்கட்டுரையில் முள்மயிர் எலி என்றே குறிப்பிடுவோம்.

எலிகளின் வரிசை எது என்ற கேள்விக்கு விடை பற்களில் இருக்கிறது. மேல்தாடையில் இரண்டும் கீழ்தாடையில் இரண்டுமாக உள்ள முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பாலூட்டிகளைக் கொறிணிகள் என்கிறோம். அந்தப் பல்லின் முன்பக்கத்தில் மட்டும் கடினமான எனாமல் பூச்சு உண்டு. பின்பக்கம் அதைவிட மென்மையானது. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் விரைவாகவும் முன்பக்கம் மெதுவாகவும் தேய்வதால், தச்சரின் உளி தீட்டப்படுவதைப் போலப் பல்லின் நுனி தானாகவே கூர்மையாகிக்கொண்டிருக்கும். அணிலும் முள்ளம்பன்றியும் கொறிணிகளே. வீட்டு மூலைகளில் ஓடும் மூஞ்சூறு பார்வைக்கு எலியைப் போல இருந்தாலும் கொறிணி இல்லை. முள்மயிர் எலியின் வாயில் மொத்தம் 16 பற்கள் உண்டு: நான்கு முன்பற்கள், பிறகு பல்லே இல்லாத ஓர் இடைவெளி, அதற்கப்பால் உள்ளே பன்னிரண்டு கடைவாய்ப்பற்கள். அந்தக் கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பில் சாய்வாக ஓடும் வரம்புகள் உண்டு. கொத்திய அம்மியில் மசாலா அரைபடுவதைப் போல, கடினமான விதைகள் அவற்றுக்கிடையே அரைபடுகின்றன.

தலையும் உடலுமாகச் சேர்த்து ஏறக்குறைய 13 சென்டிமீட்டர், வால் 9 அல்லது 10 சென்டிமீட்டர், எடை சுமார் 75 கிராம். ஒரு கோழிமுட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் என்ன கனம் தெரியுமோ அதைவிடச் சற்றே கூடுதல். வீட்டுச் சுண்டெலியைவிட இது பெரியது; வீதியில் சாக்கடையோரம் ஓடும் பெருச்சாளிக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டிபோலத் தெரியும்.

இதன் முதுகைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மென்மையான உள்மயிர்களுக்கு இடையிடையே தட்டையான முள்மயிர்கள் பின்னோக்கிப் படிந்து கிடக்கின்றன. வைக்கோல் தாள் ஒன்றை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவே பள்ளமும் இரு விளிம்புகளும் கொண்ட ஒரு வாய்க்கால் போன்ற கீற்று கிடைக்கும். முள்மயிர் ஒவ்வொன்றும் அந்த அமைப்பை மிகச் சிறிய அளவில் கொண்டது. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழவழப்பாக இருக்கும். எதிர்த்திசையில் தடவினால், கரும்புத் தோகையில் விரலைத் தவறான பக்கமாக ஓட்டியதைப் போல உறுத்தும். வயிற்றுப்புறம் வெளுத்தும் மென்மையாகவும் இருக்கிறது. முள்ளம்பன்றியின் முள்ளைப் போல இவை விறைத்து நிற்பவை அல்ல, எதிரியின் உடலில் குத்தி நிற்பவையும் அல்ல. கடிக்க வரும் விலங்கின் வாய்க்கு இது எளிதான இரையாக இல்லாமலிருக்க முள்மயிர் உதவுகிறது என்றும், ஓயாத மழையில் தோல் நனையாமல் நீரை வழியவிட உதவுகிறது என்றும் இரண்டு விதமாக அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். முள்மயிர் கொண்ட எலிகள் ஆப்பிரிக்காவிலும் உண்டு. நம் சமவெளியின் காய்ந்த நிலங்களில் வாழும் ஒருவகைச் சுண்டெலிக்கும் உண்டு. நெருங்கிய உறவில்லாத எலிகள் பலவற்றிடம் இந்த அமைப்பு தனித்தனியே உருவாகியிருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, இது ஏதோ ஒரு பயனைத் தந்தே வந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

வால் இன்னொரு வியப்பு. வீட்டெலியின் வால் செதில்களோடு மொட்டையாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முள்மயிர் எலியின் வாலில் அடிப்பகுதியில் மயிர் குறைவு. நுனியை நோக்கிப் போகப்போக மயிர்கள் நீண்டு, அடர்ந்து, முடிவில் வெள்ளைக் குஞ்சமாக விரிகின்றன. ஒடுங்கிய கிளையில் ஓடும்போது வாலை இப்படியும் அப்படியும் சாய்த்து உடலின் நிலையைச் சரிசெய்துகொள்வதை அணிலிடம் நாம் அன்றாடம் பார்க்கிறோம். மரத்தில் வாழும் சிறிய பாலூட்டிகள் பலவற்றுக்கு வாலே துடுப்பாகவும் துலாக்கோலாகவும் பயன்படுகிறது. கால்களும் மரத்துக்கு ஏற்றவையே. அகன்ற பாதம், பட்டையில் வழுக்காத திண்டுகள், கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களில் கூரிய நகங்கள் என்று எல்லாமே மேலே ஏறுவதற்காக அமைந்தவை.

இந்த உயிரை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் எட்வர்ட் பிளித். கல்கத்தாவில் ஆசியாட்டிக் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த அவர் 1859ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டு வருணனையை வெளியிட்டார். அவர் எழுதிய வருணனைக்கு அடிப்படையாக இருந்தவை, ஆலப்புழைப் பகுதியிலிருந்து பேக்கர் என்ற பாதிரியார் அனுப்பிவைத்த உடல்கள். அந்தக் காலத்து ஆலப்புழை, மலையிலிருந்து இறங்கிவரும் மிளகும் ஏலமும் கப்பலேறும் துறைமுகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த எலியைப் பற்றி வந்த முதற்செய்திகளிலேயே மிளகும் சேர்ந்து வந்தது. 1867இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி நூல் வெளியிட்ட ஜெர்டனும், பேக்கரின் குறிப்புகளைக் கொண்டே, இது பாறை இடுக்குகளிலும் மரப்பொந்துகளிலும் வாழ்கிறது என்றும் பச்சை மிளகையும் அயினிப்பலாவின் பழங்களையும் பெருமளவில் தின்கிறது என்றும் எழுதினார். தோட்டக்காரர்கள் இதை மிளகு எலி என்றே அழைத்தனர்.

மிளகைத் தின்னும் எலியா என்று நீங்கள் கேட்கலாம். ரசத்தில் கிடக்கும் ஒரு மிளகைக் கடித்துவிட்டாலே நமக்குக் கண்ணில் நீர் வருகிறது. ஆனால் மிளகு நம் அஞ்சறைப் பெட்டிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டில் மரமேறிக்கொண்டிருந்த கொடி. மிளகின் பிறப்பிடமே இந்த மலைகள்தான். காட்டு மிளகுக் கொடி கணுவுக்குக் கணு சிறு வேர்களை விட்டு, மரப்பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இருபது முப்பது அடி உயரம்வரை தண்டைச் சுற்றிப் பச்சைப் போர்வைபோல ஏறுகிறது. பொந்தில் இருக்கும் எலிக்கு அந்தக் கொடி ஒரே நேரத்தில் ஏணியாகவும், ஆந்தையின் கண்ணிலிருந்து மறைக்கும் திரையாகவும், உணவுக்கூடையாகவும் இருக்கிறது. விரல் நீளத்துச் சரத்தில் வரிசையாகக் கோத்தாற்போலப் பச்சைக் காய்கள் தொங்குகின்றன. நாம் கடையில் வாங்கும் சுருங்கிய கருமிளகு, அந்தப் பச்சைக் காயை வெயிலில் காயவைத்தால் கிடைப்பது. கொடியில் இருக்கும்போது அது சதைப்பற்றுள்ள சிறுகனி.

கொறிணிகள் காயைத் தின்னும் முறையைக் கொஞ்சம் கவனித்தால், தோட்டக்காரருக்கு ஏன் இவற்றின்மேல் கோபம் வந்தது என்பது விளங்கும். பறவை கனியை அப்படியே விழுங்கி, விதையை வேறிடத்தில் எச்சத்தோடு போட்டுவிடுகிறது. அது கொடியின் நண்பன். கொறிணியோ காயை முன்கைகளில் பிடித்துக்கொண்டு, உருட்டி உருட்டித் தோலைச் சீவி, உள்ளிருக்கும் பருப்பைக் கொறித்துவிடுகிறது. எனவே முளைப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பொந்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவைத்து மறந்துபோன காய்கள்கூட மரத்தின் நடுவில் கிடப்பதால் மண்ணைத் தொடுவதில்லை. மிளகு விலை தங்கத்துக்கு நிகராகப் பேசப்பட்ட காலத்தில், ஒரு சரத்தை இழப்பதும் உழைத்தவருக்கு இழப்பே. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழங்கள், விதைகள், கிழங்குகள், தானியம் என்று பலவகை உணவுகளை இது உண்பதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. மலையில் கள் இறக்கக் கட்டிய கலயங்களுக்குள் இறங்கி, இனிப்பான சாற்றைக் குடித்து, வெளியேற முடியாமல் அகப்பட்டுக்கொண்டதைப் பற்றிய குறிப்பும் உண்டு. அக்காலத்தில் இதைத் தேடி யாரும் காட்டுக்குள் அலையவில்லை. மிளகுக் கொடியிலும் கள் கலயத்திலும் அதுவே வந்து மனிதரைச் சந்தித்தது.

இனி இதன் உறவு முறையைப் பார்ப்போம். என்னைக் கேட்டால் இந்த உயிரின் கதையில் மிகவும் வியப்பான பகுதி இதுவே. டார்மவுஸ் என்ற ஆங்கிலப் பெயருக்கு உரிய விலங்குகள் உண்மையில் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவின் சில பகுதிகள் ஆகியவற்றில் வாழ்பவை. குளிர்நாடுகளில் உள்ளவை குளிர்காலம் முழுவதும் சுருண்டு உறங்குபவை. அவற்றுக்கும் குஞ்சம் வைத்த வால் உண்டு. அவையும் மரத்தில் வாழ்ந்து பொந்தில் உறங்குகின்றன. இந்த ஒற்றுமையைக் கண்ட பழைய அறிஞர்கள் சிலர் நம் மலை எலியையும் அந்தக் குடும்பத்தோடு சேர்த்தார்கள். வேறு சிலர் பற்களையும் மண்டையோட்டையும் பார்த்து, இல்லை, இது எலிகளின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது என்றார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உயிர் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு மாறிக்கொண்டே இருந்தது.

மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்த பிறகே இந்த வழக்கு தீர்ந்தது. எலி, சுண்டெலி, வெள்ளெலி முதலிய ஏறத்தாழ 1,700க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்கூட்டம் ஒன்று உண்டு; பாலூட்டி இனங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அந்தக் கூட்டத்திலேயே அடங்கிவிடும். ஒரு பெரிய ஆலமரத்தைப் போல அந்தக் கூட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் தரைக்கு மிக அருகில், மற்ற எல்லாக் கிளைகளும் பிரிவதற்கு முன்பே தனியாகப் பிரிந்துபோன ஒரு மெல்லிய கிளை உண்டு. அதில்தான் முள்மயிர் எலியின் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிரிவு நேர்ந்து நான்கு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது என்று மரபணு ஆய்வுகள் கணிக்கின்றன. இதை வேறுவிதமாகச் சொன்னால், நம் வீட்டுச் சமையலறையில் ஓடும் சுண்டெலி, பாலைநிலத்தில் தாவும் வெள்ளெலி, வயலில் வளை தோண்டும் எலி ஆகிய மூன்றும் தங்களுக்குள் கொண்டிருக்கும் உறவு, அவற்றில் எதுவும் முள்மயிர் எலியோடு கொண்டிருக்கும் உறவைவிட நெருக்கமானது.

அந்த மெல்லிய கிளையில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே பேரினங்கள். ஒன்று நம் முள்மயிர் எலி. அந்தப் பேரினத்தில் இது ஒன்றே இனம். மற்றொன்று தென்சீனத்திலும் வியட்நாமின் வடபகுதியிலும் உள்ள மலைக்காடுகளில் வாழும் டிஃப்லோமிஸ் என்னும் சின்னஞ்சிறிய மர எலி. அந்தப் பெயருக்குக் குருட்டு எலி என்று பொருள். அதன் கண்கள் மிகச் சிறியவை; பார்வைக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. அப்படியானால் இருட்டில், மரக்கிளைகளில், விழாமல் எப்படி ஓடுகிறது? வௌவால் செய்வதைப் போலவே, மனிதச் செவிக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பிவரும் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது. இந்தப் பேரினத்தைச் சேர்ந்த நான்கு இனங்களில் இந்தத் திறன் இருப்பதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது. நம் மலை எலியோ புடைத்த கண்களை உடையது. ஒரே குடும்பத்தில் பிறந்த இருவரில் ஒருவர் காதால் இரவைக் கடக்கிறார், மற்றவருக்கு அகன்ற கண்கள் வாய்த்திருக்கின்றன.

ஒருவர் கேரள, தமிழக, கருநாடக மலைகளில். மற்றவர் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால். இடையில் இருக்கும் நிலப்பரப்பில் இந்தக் குடும்பத்தார் யாரும் இல்லை. இது எப்படி நேர்ந்தது என்பதற்குப் புதைபடிவங்கள் விடை தருகின்றன. மயோசீன் என்று புவியியலார் சொல்லும் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில், இதே குடும்பத்தைச் சேர்ந்த நியோகோமிட்டிஸ் என்ற எலி ஐரோப்பாவிலும் தாய்லாந்திலும் வாழ்ந்திருக்கிறது. எள்ளளவே உள்ள அதன் கடைவாய்ப்பற்கள் பாறைப் படிவுகளில் கிடைத்துள்ளன. பல்லின் மேலுள்ள சாய்வு வரம்புகளே அது எந்தக் குடும்பம் என்பதைக் காட்டிக்கொடுத்தன. அக்காலத்தில் உலகம் இன்றைவிட வெப்பமாகவும் ஈரமாகவும் இருந்தது; காடுகள் பரந்திருந்தன. பின்னர் உலகம் குளிர்ந்து உலர்ந்தது. கோடையில் பெரிய ஏரி வற்றும்போது ஆழமான இரண்டு மடுக்களில் மட்டும் நீர் நிற்பதைப் போல, காடு சுருங்கியபோது ஈரம் வற்றாத இரண்டு மலைப்பகுதிகளில் மட்டும் இந்தக் குடும்பம் தங்கிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும், அதை விட்டால் இமயத்தின் அடிவாரத்திலும் அதற்குக் கிழக்கிலும் மட்டும் காணக்கிடைக்கும் பெரிய இருவாச்சிப் பறவையும் இப்படி இடைவெளி விட்ட பரவலுக்கு நாம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு.

அந்த மடுவின் நீர் வற்றாமல் காத்தது மழை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் மேகங்களை, தபதி ஆற்றிலிருந்து கன்னியாகுமரி வரை 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் மலைத்தொடர் தடுத்து மேலெழச் செய்கிறது. மேலே போன காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வால்பாறைக்கு அருகில் உள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இவ்வளவு ஈரத்தில் ஆண்டு முழுவதும் இலையுதிராத மரங்கள் வளர்கின்றன. குடகு மலையிலிருந்து ஆனைமலை, அகத்தியமலை வரை உள்ள இத்தகைய பசுமைமாறாக் காடுகளே முள்மயிர் எலியின் வீடு. இந்த உலகில் வேறெங்கும் அது இல்லை.

காடு என்றால் மரங்களின் கூட்டம் என்று மட்டும் நாம் எண்ணிவிடுகிறோம். மரத்தில் வாழும் சிறிய உயிருக்குக் காடு என்பது ஒரு வீதி அமைப்பு. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடம் அதற்குத் தெருமுனை. இரண்டு மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெருங்கொடி அதற்குப் பாலம். இந்த வீதிகள் அறுபடாமல் இருக்கும்வரை, இரவெல்லாம் தரையைத் தொடாமலே பழம் தேடிப் போய்த் திரும்பலாம். நடுவில் பத்து மீட்டர் அகலத்தில் ஒரு சாலை வந்துவிட்டால், நமக்கு அது பத்துப் பதினைந்து எட்டில் கடக்கும் தூரமாக இருக்கலாம். மரக்கிளைக்காகவே அமைந்த கால்களோடு 75 கிராம் எடையுள்ள ஓர் உயிர் வெட்டவெளியில், ஆந்தைக்கும் பாம்புக்கும் மரநாய்க்கும் முன்னால், அதைக் கடந்தாக வேண்டும். குரங்குகளுக்காக வால்பாறைச் சாலைகளின் மேல் மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

வீதியைப் போலவே வீடும் வேண்டும். முள்மயிர் எலி பொந்துக்குள் இலைகளையும் பாசியையும் கொண்டுவந்து பரப்பி மெத்தையாக்கிக்கொள்கிறது. பகலெல்லாம் அங்கே உறங்குகிறது. ஆனால் பொந்தை அதனால் உண்டாக்க முடியாது. பெரிய கிளையொன்று புயலில் முறிகிறது. முறிந்த இடத்தில் மழைநீர் இறங்குகிறது. காளான்கள் உள்ளே புகுந்து வைரம் பாய்ந்த நடுமரத்தை மெல்ல மெல்ல மக்கச் செய்கின்றன. எறும்பும் கரையானும் வண்டும் மீதி வேலையைச் செய்கின்றன. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இளமரத்தில் இது நடப்பதில்லை, ஏனென்றால் முறிவதற்கேற்ற பெரிய கிளையும் உளுத்துப்போக வேண்டிய பருத்த நடுமரமும் அதற்கு இல்லை. கிடைக்கும் சில பொந்துகளுக்கும் போட்டி அதிகம். இருவாச்சி, ஆந்தை, பறக்கும் அணில், தேனீ ஆகிய எல்லாரும் அதே வீட்டைத் தேடி வருகிறார்கள்.

ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் தோட்டக்காரர்கள் புலம்பும் அளவுக்கு ஏராளமாக இருந்த ஓர் உயிர், இன்று காட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் அலைபவர்களுக்கும் அரிதாகவே தென்படுவது ஏன்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைகளில் காப்பித் தோட்டங்கள் பரவின. பின்னர் தேயிலை வந்தது. தேயிலைக்காகக் காட்டை முற்றாக வெட்டி, இடுப்புயரச் செடிகளை வரிசையாக நட்டார்கள். நிழலுக்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தை இடையிடையே வைத்தார்கள். காப்பி, ஏலத் தோட்டங்களில் காட்டுமரங்கள் சில நிழலுக்காக விடப்பட்டதால் அங்கே நிலைமை சற்றுப் பரவாயில்லை. இன்று மலைத்தோட்டங்களில் மிளகுக் கொடி பெரும்பாலும் சில்வர் ஓக் மரத்தில்தான் ஏறி நிற்கிறது. அந்த மரம் நெட்டையாக, நேராக, இளமையாக வளர்ந்து, பொந்து விழும் வயதுக்கு முன்பே வெட்டப்படுகிறது. மிளகு முன்னைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அதைச் சுமக்கும் மரத்தில் இந்த எலி குடியிருக்க இடமில்லை. தோட்டக்காரர்களின் கோபமோ பொறிகளோ இந்த எலியைக் குறைக்கவில்லை, பழைய மரங்கள் போனதே குறைத்தது என்று நான் எண்ணுகிறேன்.

அரிதாகத் தென்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலிகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் வழக்கமாகத் தரையில்தான் பொறி வைப்பார்கள். தரைக்கு அரிதாகவே வரும் உயிர் தரைப்பொறியில் எப்படி அகப்படும்? திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மழைக்காடுகளில் திவ்யா முதப்பாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த எலியின் எண்ணிக்கையையும் அது விரும்பும் இடங்களையும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கட்டுரை, இதைப் பற்றி முறையாக நடந்த தொடக்க ஆய்வுகளில் ஒன்று. மரத்தில் வாழும் எலியை ஆராய வேண்டுமானால் பொறியும் மரத்துக்குப் போக வேண்டும். காயம் படுத்தாத சிறிய பெட்டிப்பொறியைக் கிளையிலோ கொடியிலோ கட்டி, உள்ளே இரை வைத்து, விடிந்ததும் போய்ப் பார்ப்பார்கள். அகப்பட்ட எலியைத் துணிப்பையில் இட்டு நிறுத்து, அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டு, எந்த மரத்தில் பிடித்தார்களோ அதே மரத்தில் திரும்ப விட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில், அட்டை கடிக்க, வழுக்கும் சரிவில் ஒவ்வொரு நாளும் இதைச் செய்வது எளிய வேலை இல்லை. நாம் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகும் செய்திகளுக்குப் பின்னால் இத்தகைய காலைப்பொழுதுகள் இருக்கின்றன.

நம் மலைகளில் வாழும் தனித்த எலி இது ஒன்று மட்டும் இல்லை. நீலகிரியின் குன்னூரிலிருந்து கிடைத்த உடலை வைத்து 1898இல் போன்ஹோட் என்பவர் பெயரிட்ட காட்டுச் சுண்டெலி ஒன்று இருக்கிறது. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. உடலைவிட நீண்ட வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு புதர்களில் ஏறும் நீலகிரி மர எலியும் உண்டு. ஆனால் எலி என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுவது நமக்குப் பழகிப்போயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தன் ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர்கள் என்ற தலைப்பின்கீழ், காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு எலி, சுண்டெலி என்று பொதுப்பெயராலேயே எழுதியிருந்தது. 2022இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. உலகளாவிய இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமோ முள்மயிர் எலியைத் தனியாக எடுத்து, அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்ற படிநிலையில் வைத்திருக்கிறது. இன்னும் ஆழ்ந்த ஆபத்தில் உள்ள படிநிலைகள் அதற்குமேல் உண்டு என்றாலும், குடும்பத்தில் மிஞ்சியிருப்பவை இரண்டே பேரினங்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தப் படிநிலையே போதிய கவலை தருகிறது.

வால்பாறைப் பீடபூமியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளைப் போல மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து அங்கே, காட்டு மரங்களின் விதைகளைச் சாலையோரங்களிலும் மரத்தடிகளிலும் பொறுக்கி, நாற்றங்காலில் முளைக்கவைத்து, சிதைந்த துண்டுகளில் மீண்டும் நட்டு வளர்க்கும் பணி நடந்துவருகிறது. விதை கையளவு இருக்கும் மரமும் உண்டு, கடுகளவு இருக்கும் மரமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முளைக்க வேறுவேறு காலம் வேண்டும். முதலில் நட்ட கன்றுகளுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. இருபது வயது மரம் பக்கத்து மரத்தைக் கிளை நீட்டித் தொட்டுவிடும்; கொடிகளும் ஏறத் தொடங்கிவிடும். எலி குடிபுகத்தக்க பொந்து அந்த மரங்களில் விழ இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை, அருகிலுள்ள காட்டுத் துண்டில் உளுத்த நடுமரத்தோடு நிற்கும் கிழட்டு அயினியும் வெடிப்பலாவும்தான் அதற்கு வீடு.